கையால் ஓட்டினால் 300 எம்பி, கிரான் ஓட்டினால் 20 பைட்

கேள்வி: ஒரு சிறிய நிறுவனத்தின் லினக்ஸ் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். டேட்டாபேஸை டம்ப் (முழு நகல்) எடுத்து, ஜிஜிப் மூலம் சுருக்கி, அன்றைய தேதியைப் பெயராக வைத்துச் சேமிக்க ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினேன். 14 நாளுக்கு முந்தைய கோப்புகளை அதன் கடைசி வரி அழித்துவிடும். தினமும் நானே டெர்மினலில் ஓட்டிக்கொண்டிருந்தவரை 300 எம்பி அளவில் கோப்பு ஒழுங்காக வந்தது. ஒன்பது நாள் முன்பு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரானில் போட்டேன். அன்றிலிருந்து தினமும் கோப்பு வருகிறது, ஆனால் சரியாக 20 பைட்தான். எரர் எதுவும் இல்லை. லாக் கோப்பும் காலி. பகலில் நான் ஓட்டினால் மறுபடி 300 எம்பி. அதே ஸ்கிரிப்ட், அதே யூசர், அதே சர்வர். கிரானில் ஏதாவது கோளாறா? தினமும் இரவு 2 மணிக்கு ஓடுவதற்காக, கிரானின் வேலைப் பட்டியலான கிரான்டேபில் நான் எழுதியிருக்கும் வரி இது:

0 2 * * * /ஹோம்/ஆப்ஸ்/பேக்கப் &> /ஹோம்/ஆப்ஸ்/பேக்கப்-லாக்

பதில்: காரணத்துக்குப் போகும் முன் ஒரு வேலை இருக்கிறது. ஸ்கிரிப்ட்டைத் திறந்து, பழைய கோப்புகளை அழிக்கும் அந்தக் கடைசி வரியின் முன்னால் ஒரு # போட்டு நிறுத்திவிடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ஏன் இந்த அவசரம் என்றால், ஒன்பது நாளாக வந்தவை எல்லாம் வெறும் கூடுகள். உங்களிடம் இருக்கும் நல்ல பேக்கப் எல்லாம் அதற்கு முந்தையவை. அழிக்கும் வரிக்கு எது நல்லது, எது கூடு என்று தெரியாது; அது வயதை மட்டும் பார்க்கிறது. இன்னும் ஐந்தாறு நாளில் கடைசி நல்ல கோப்பும் போய்விடும், ஃபோல்டரில் 14 கோப்புகள் வரிசையாக, தேதி தவறாமல் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாக நடப்பதுபோலவே தோன்றும். வரியை நிறுத்திய கையோடு, டெர்மினலில் இப்போதே ஒரு முறை ஓட்டி, வரும் 300 எம்பி கோப்பை வேறொரு இயந்திரத்துக்கு நகலெடுத்து வையுங்கள். (கட்டளைகளையும் பாதைகளையும் இங்கே தமிழ் ஒலியில் எழுதுகிறேன். சர்வரில் வழக்கமான எழுத்திலேயே தட்டுங்கள்.)

சரி, இப்போது காரணம். 20 என்ற எண்ணை நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. ஜிஜிப்புக்கு உள்ளீடாக ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அது ஒரு முழுமையான கோப்பை எழுதும்: தலைப்புக்கு 10 பைட், காலி உள்ளடக்கத்துக்கு 2 பைட், கடைசியில் சரிபார்ப்பு எண்ணுக்கும் நீளத்துக்குமாக 8 பைட். மொத்தம் 20. ஆகவே ஜிஜிப் ஓடியிருக்கிறது, கோப்பு எழுத அனுமதி இருந்திருக்கிறது, டிஸ்க்கில் இடமும் இருந்திருக்கிறது. ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் பைப்பின் இடது பக்கம்தான் ஒன்றும் தரவில்லை. டம்ப் எடுக்கும் கட்டளை தொடங்கவே இல்லை, அல்லது தொடங்கி ஒரு எழுத்துகூட வெளியிடாமல் செத்துப்போயிருக்கிறது.

தொடங்கவே இல்லை என்றுதான் என் கணிப்பு. நீங்கள் லாகின் செய்யும்போது, உங்கள் கண்ணில் படாமல் நிறைய நடக்கிறது. ப்ரொஃபைல் கோப்பும் பேஷ்-ஆர்சி கோப்பும் படிக்கப்பட்டு, பாத் (கட்டளைகளைத் தேட வேண்டிய ஃபோல்டர்களின் பட்டியல்) நீளமாகிறது, மொழி அமைப்பு வருகிறது, என்றோ ஒருநாள் நீங்களோ ஒரு இன்ஸ்டாலரோ சேர்த்த வேரியபிள்கள் எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. கிரான் இவற்றில் எதையும் படிப்பதில்லை. பெரும்பாலான லினக்ஸ்களில் அது உங்கள் வேலைக்குக் கொடுப்பது கொஞ்சம்தான்: ஹோம், லாக்நேம், ஷெல் என்ற இடத்தில் /பின்/எஸ்எச், பாத் என்ற இடத்தில் /யூஎஸ்ஆர்/பின், /பின் என்று இரண்டே ஃபோல்டர்கள். டேட்டாபேஸ் கருவிகள் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரிலோ, /ஆப்ட் என்பதற்குள் ஆழமாகவோ இருந்தால், டெர்மினலில் பெயரைச் சொன்னதும் வரும் கட்டளை கிரானுக்கு இல்லாத கட்டளை.

இது கோளாறு இல்லை. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸிலேயே கிரான் உண்டு. இன்று பல லினக்ஸ்களில் ஓடுவது பால் விக்ஸி 1987-இல் எழுதியதன் வழிவந்தது. யாரும் லாகின் செய்யாத நேரத்தில் வேலையை நடத்துவதற்காக எழுதப்பட்டது அது. லாகின் செய்தால் மட்டும் கிடைக்கும் பொருள்கள் அங்கே இல்லாமல் இருப்பது நியாயம்தான். நீங்கள் 'அதே ஸ்கிரிப்ட், அதே யூசர், அதே சர்வர்' என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்றும் உண்மை. ஆனால் ஸ்கிரிப்ட் நிற்கும் தரை வேறு. உங்கள் டெர்மினலில் அது ஓடியதற்குப் பாதிக் காரணம் ஸ்கிரிப்ட்டுக்குள் இல்லை, உங்கள் லாகினில் இருந்தது.

அப்படியானால் 'கட்டளை கிடைக்கவில்லை' என்ற எரர் எங்கே போயிற்று? உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பாத் பிழை ஐந்து நிமிட வேலை. அதை ஒன்பது நாள் மறைத்து வைத்தது உங்கள் கிரான்டேப் வரியிலுள்ள &> என்ற இரண்டு குறிகள்.

டெர்மினலில் உங்கள் கட்டளைகளைப் படிக்கும் ஷெல்லான பேஷில் &> என்றால் வெளியீடு, எரர் இரண்டையும் இந்தக் கோப்புக்கு அனுப்பு என்று அர்த்தம். ஆனால் கிரான்டேப் வரியைப் படிப்பது பேஷ் இல்லை, /பின்/எஸ்எச். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவில் 2006 முதலும், டெபியனில் 2011 முதலும் அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்ற சின்ன ஷெல். டாஷுக்கு &> ஒரே குறி கிடையாது. அது & என்பதைத் தனியாகவும் > என்பதைத் தனியாகவும் படிக்கிறது. அதாவது, 'பேக்கப்பைப் பின்னணியில் ஓட்டு' என்று ஒன்று, 'லாக் கோப்பைக் காலியாக்கு' என்று இன்னொன்று. இரண்டும் ஒழுங்காக நடந்தன. அதனால்தான் லாக் தினமும் புதுத் தேதியோடு, காலியாக இருந்தது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் #! போட்டு பேஷ் என்று எழுதியிருந்தாலும் இதற்கு உதவாது. அந்த வரி ஸ்கிரிப்ட்டுக்குள் இருப்பதை யார் படிக்க வேண்டும் என்று சொல்கிறது, அவ்வளவுதான். ஸ்கிரிப்ட்டை அழைக்கும் கிரான்டேப் வரிக்கு அதன் ஆட்சி எட்டாது.

லாகுக்குப் போகாத எரர் கிரானின் கைக்குப் போயிருக்கும். வேலை எதையாவது வெளியிட்டால் கிரான் அதை அந்த யூசருக்கு மெயிலாக அனுப்பும். உங்கள் சர்வரில் மெயில் அனுப்பும் புரோகிராம் போட்டிருக்க மாட்டீர்கள். இப்போது பலரும் போடுவதில்லை. அப்போது டெபியன் வகை கிரான், மெயில் புரோகிராம் இல்லை, வெளியீட்டைத் தூக்கியெறிகிறேன் என்று சர்வரின் பொது லாகான சிஸ்லாகில் ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடும். சிஸ்லாகில் இரவு 2 மணியைத் தேடிப் பாருங்கள். அந்த வரி அங்கே இருந்தால் நான் சொல்வது உறுதி.

எரரை மறைத்த மூன்றாவது திரை பைப். ஷெல்லின் கணக்கில் ஒரு பைப்பின் வெற்றி தோல்வி அதன் கடைசிக் கட்டளையின் வெற்றி தோல்விதான். டம்ப் கட்டளை 127 என்ற எண்ணோடு விழுந்தது (கட்டளை கிடைக்காவிட்டால் ஷெல் தரும் எண் அது). ஜிஜிப் 0 என்று நிம்மதியாக முடிந்தது. ஷெல் பார்த்தது அந்த 0-ஐ மட்டும். 'எரர் வந்தால் நில்' என்று சொல்லும் செட் -இ போட்டிருந்தாலும் நின்றிருக்காது. அடுத்த வரிக்குப் போயிற்று. அடுத்த வரி அழிக்கும் வரி.

இவ்வளவும் கணிப்பு. நம்பி உடனே திருத்திவிடாமல், முதலில் கிரானையே பேசவிடுங்கள். கிரான்டேபில் தற்காலிகமாக ஒரு வரி: ஐந்து நட்சத்திரங்கள், பிறகு வேரியபிள்களையெல்லாம் காட்டும் என்வ் கட்டளை, பிறகு > போட்டு /டிஎம்பி ஃபோல்டரில் ஒரு கோப்பு. ஒரு நிமிடம் பொறுத்தால் கிரான் பார்க்கும் உலகம் முழுவதும் அந்தக் கோப்பில் இருக்கும். வரியை நீக்கிவிட்டு, டெர்மினலில் அதே என்வ் கட்டளையை ஓட்டி, இரண்டையும் வரிசைப்படுத்தி, வேறுபாட்டைக் காட்டும் டிஃப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை பார்க்கிறவர்கள் அதிர்ந்துபோவார்கள்: ஒரு பக்கம் முப்பது நாற்பது வரி, மறுபக்கம் ஏழெட்டு. இணையத்தில் இதற்குக் கிடைக்கும் எந்த அறிவுரையையும்விட உங்கள் சர்வர் உங்களுக்குச் சொல்லும் அந்த டிஃப் மேலானது.

அப்புறம், ஒவ்வொரு திருத்தத்தையும் சோதிக்க இரவு 2 மணிவரை காத்திருக்க வேண்டாம். என்வ் -ஐ என்று தொடங்கினால் எல்லா வேரியபிள்களும் உதிர்ந்துவிடும். அதன் பின்னால் ஹோம், லாக்நேம், பாத், ஷெல் நான்கையும் கிரான் காட்டிய அதே மதிப்புகளோடு எழுதி, கடைசியில் /பின்/எஸ்எச் -சி போட்டு, ஒற்றை மேற்கோளுக்குள் ஸ்கிரிப்ட்டின் பெயர். இப்போது உங்கள் டெர்மினலே கிரானின் ஏழ்மையில் ஓடுகிறது. 20 பைட் கோப்பு பகலிலேயே வரும், எரரும் கண்ணெதிரே வரும். பலர் இதை மறுபக்கமாகச் செய்கிறார்கள்: தங்கள் டெர்மினலில் இருப்பதையெல்லாம் கிரானுக்குள் கொண்டுபோகப் பார்க்கிறார்கள், ஸ்கிரிப்ட்டின் தலையில் பேஷ்-ஆர்சி கோப்பைப் படிக்கவைக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். டெபியனிலும் உபுண்டுவிலும் அந்தக் கோப்பின் தொடக்கத்திலேயே, எதிரே ஆள் உட்கார்ந்திருக்கும் ஷெல்லாக இல்லாவிட்டால் இங்கேயே திரும்பிவிடு என்று எழுதியிருக்கும். நீங்கள் சேர்த்த பாத் அதற்குக் கீழே இருப்பதால் பயன் இல்லை. பயன் இருக்கும் இடங்களிலும், உங்கள் வசதிக்காக நாளை நீங்கள் சேர்க்கும் ஒரு வரி இரவு வேலையை முறித்துவிடும்.

திருத்தம் என்று வரும்போது, ஸ்கிரிப்ட் தனக்கு வேண்டியதைத் தானே சுமக்கட்டும். முதல் வரியில் #! போட்டு /பின்/பேஷ். அடுத்து, டம்ப் கட்டளை இருக்கும் ஃபோல்டரையும் சேர்த்து பாத் முழுவதையும் வெளிப்படையாக எழுதுங்கள். இதை கிரான்டேபின் தலையிலும் எழுதலாம், ஆனால் அங்கே $ போட்டுப் பழைய பாத்தோடு ஒட்டவைக்கும் வழக்கம் பலிக்காது. கிரான் அதை விரிக்காமல் எழுத்து மாறாமல் வைத்துக்கொள்ளும். எனக்கு ஸ்கிரிப்ட்டுக்குள் எழுதுவதுதான் பிடிக்கும். யார் ஓட்டினாலும், எதிலிருந்து ஓட்டினாலும் ஒரே மாதிரி இருக்கும். அடுத்த வரியில் செட் -இயூ -ஓ பைப்ஃபெயில். பைப்பில் எந்தக் கண்ணி அறுந்தாலும் இனி அது தோல்வி. கிரான்டேப் வரியில் &> இருந்த இடத்தில், >> போட்டு லாக் கோப்பின் பெயர், அதற்குப் பின்னால் 2>&1. இந்த வரிசை முக்கியம்; 2>&1 முன்னால் வந்தால் எரர் மறுபடி மெயில் பக்கம் போய்விடும்.

பைப்ஃபெயில் போட்டாலும் 20 பைட் கோப்பு உருவாவதைத் தடுக்க முடியாது. ஜிஜிப் தன் வேலையைச் செய்துவிடும், ஸ்கிரிப்ட் அதற்குப் பிறகுதான் நிற்கும். ஆகவே நேராக இறுதிப் பெயரில் எழுதாதீர்கள். ஒரு தற்காலிகப் பெயரில் எழுதி, பைப் வெற்றியாக முடிந்தபின், அளவு ஒரு எல்லைக்கு மேல் இருக்கிறதா என்றும் பார்த்து, எம்வி போட்டுப் பெயரை மாற்றுங்கள். ஜிஜிப்பின் சொந்தச் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அந்த 20 பைட் கோப்பும் அதில் தேறிவிடும், ஏனென்றால் அது பழுதில்லாத காலிக் கோப்பு. பெயர் மாற்றும் வரிக்குக் கீழேதான் அழிக்கும் வரி வர வேண்டும். என்னைக் கேட்டால் வயதை வைத்து அழிப்பதையே விட்டுவிட்டு, தேறிய கோப்புகளில் கடைசி 14 எப்போதும் இருக்கட்டும் என்று எண்ணிக்கையில் வைப்பேன். பேக்கப் ஒரு மாதம் நின்றுபோனாலும் பழைய 14 பத்திரமாக இருக்கும்.

அழிக்கும் வரியைப் பற்றி இன்னொன்று. கிரான் வேலை தொடங்குவது யூசரின் ஹோம் ஃபோல்டரில். நீங்கள் பேக்கப் ஃபோல்டருக்குள் நின்றபடி ஓட்டிப் பழகியிருந்தால், முழுப் பாதை இல்லாத ஒவ்வொரு பெயரும் அங்கே வேறு இடத்தைக் குறிக்கும். சிடி போட்டு ஃபோல்டருக்குள் போகிறீர்கள் என்றால், அந்த சிடி தோற்றால் ஸ்கிரிப்ட் நிற்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நிற்காமல் போனால், ஹோம் ஃபோல்டரில் நின்றுகொண்டு பழைய கோப்புகளை அழிக்கத் தொடங்கும்.

பாத் சரியானதும் வேறொரு எரர் முளைத்தால் மனம் தளராதீர்கள். பெரும்பாலும் அது பாஸ்வேர்டாக இருக்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை வேரியபிளாக லாகின் கோப்பில் வைத்திருந்தால் கிரானுக்கு அது தெரியாது; கேட்டுப் பெறலாம் என்றால் எதிரே டெர்மினலும் இல்லை. என்வ் -ஐ சோதனையில் ஸ்கிரிப்ட் பாஸ்வேர்ட் கேட்டு நின்றால் அதுதான் அடுத்த தடை. பாஸ்வேர்டை ஹோம் ஃபோல்டரில் அந்த டேட்டாபேஸுக்கென்று உள்ள கோப்பில், உங்கள் யூசர் மட்டும் படிக்கும்படி 600 அனுமதியோடு வையுங்கள். ஹோம் வேரியபிளை கிரான் கொடுத்துவிடுவதால் அந்தக் கோப்பு கண்டுபிடிக்கப்படும். எஸ்எஸ்எச் வழியாக வேறு சர்வருக்கு அனுப்புகிறவர்களும் இதே இடத்தில்தான் விழுகிறார்கள். பகலில் சாவியைத் திறந்து வைத்திருக்கும் ஏஜென்ட் அவர்கள் லாகினோடு ஒட்டியது, கிரானுக்கு அதன் முகவரி தெரியாது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு பிழையில் நான் இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். நான் வேலை பார்த்த ஓரிடத்தில், நேற்றைய பட்டியலையும் இன்றைய பட்டியலையும் வரிசைப்படுத்தி, காணாமல்போன பெயர்களை எடுத்துத் தரும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. கிரான் ஒருநாள் நூற்றுக்கணக்கான பெயர்கள் போய்விட்டதாகச் சொன்னது. ஒன்றுமே போகவில்லை. முந்தைய நாள் பட்டியலை ஒருவர் டெர்மினலில் கையால் உருவாக்கியிருந்தார். அவருடைய மொழி அமைப்பில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வரிசையாகும். மொழி அமைப்பே இல்லாமல் ஓடிய அந்த கிரானில் பெரிய எழுத்துகள் எல்லாம் முதலில் வந்துவிடும். வரிசை வேறானதும் ஒப்பிடும் கட்டளை தடுமாறிவிட்டது. அன்றிலிருந்து, வரிசைப்படுத்தும் சார்ட் கட்டளை வரும் எந்த ஸ்கிரிப்ட்டிலும், மொழி அமைப்பைச் சொல்லும் எல்சி_ஆல் வேரியபிள் என்ன என்பதை நானே எழுதிவிடுகிறேன். உங்கள் ஸ்கிரிப்ட்டில் சார்ட் இல்லாவிட்டாலும், தமிழ் எழுத்துள்ள கோப்புப் பெயர்கள் இருந்தால் நீங்களும் எழுதிவிடுங்கள்.

கிரான்டேப் வரியை மாற்றும்போது ஒரு எச்சரிக்கை. தேதியை இப்போது ஸ்கிரிப்ட்டுக்குள் உருவாக்குகிறீர்கள், அது அங்கேயே இருக்கட்டும். கிரான்டேப் வரியில் % என்பது சாதாரண எழுத்து இல்லை. முதல் % வந்ததும் கட்டளை அங்கேயே முடிந்துவிடும், மீதி அதற்கு உள்ளீடாகப் போகும். லாக் பெயரில் தேதி வேண்டும் என்று டேட் கட்டளையை அந்த வரியில் போட்டால், டெர்மினலில் ஒழுங்காக ஓடும், கிரானில் பாதியில் வெட்டுப்படும். போட்டே ஆக வேண்டுமென்றால் ஒவ்வொரு % முன்னாலும் \ வேண்டும். ஸ்கிரிப்ட்டை தினசரி வேலைகளுக்கான /எட்சி/கிரான்-டெய்லி மாதிரி ஃபோல்டருக்கு மாற்ற நினைத்தால், டெபியன் வகைகளில் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது; புள்ளியுள்ள பெயரை அது சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும்.

கிரானுக்குப் பதில், லினக்ஸில் வேலைகளை நேரப்படி ஓட்டும் இன்னொரு வழியான சிஸ்டம்டி டைமருக்கு மாறினால் இதெல்லாம் தீர்ந்துவிடுமா என்று ஒருவேளை தோன்றலாம். எரர் அதன் லாகான ஜர்னலில் பதிவாவது உண்மையிலேயே பெரிய லாபம். ஆனால் அதுவும் உங்கள் லாகின் கோப்புகளைப் படிக்காது, சிஸ்டம் சர்வீஸாக ஓடினால் தொடங்கும் இடம் ஹோம் இல்லை, / என்ற வேர் ஃபோல்டர். ஸ்கிரிப்ட் தன் பாத்தையும் தன் ஃபோல்டரையும் தானே சுமந்தால் இரண்டிலும் ஓடும்.

எல்லாம் திருத்தியபின் இரண்டு சோதனைகள் மீதம். முதலாவது, வேண்டுமென்றே உடைத்துப் பாருங்கள்: டம்ப் கட்டளையின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி, என்வ் -ஐ வழியாக ஓட்டுங்கள். கண்ணெதிரே எரர் வர வேண்டும், இறுதிப் பெயரில் கோப்பு உருவாகக் கூடாது, பழைய கோப்புகளில் ஒன்றும் குறையக் கூடாது. மூன்றும் நடந்தபின் எழுத்தைச் சரிசெய்து, அழிக்கும் வரியின் முன்னாலுள்ள # குறியை எடுங்கள். இரண்டாவது, கிரான் தானாக எடுத்த முதல் 300 எம்பி கோப்பை மறுநாள் காலையில் ஒரு காலி டேட்டாபேஸில் ஏற்றி, மிகப் பெரிய டேபிளில் எத்தனை வரிகள் இருக்கின்றன என்று எண்ணி, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரவு 2 மணிக்குப் பிறகு சேர்ந்த வரிகள் மட்டும் குறைய வேண்டும்.